இரண்டு பூட்டுப் பட்டறை

சம்பளம் இல்லாத வேலையில் யாரும் உழைப்புக்காகச் சண்டை போடுவதில்லை, பதவிக்காகத்தான் போடுகிறார்கள்.

குடியிருப்போர் சங்கத்திலோ, உற்சவக் கமிட்டியிலோ, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவிலோ ஒரு தடவையாவது மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு பட்டறை நடத்துகிறோம். ஓடாத மிக்ஸி, சுற்றாத ஃபேன், சூடாகாத அயர்ன் பாக்ஸ் என்று எதையும் கொண்டுவரலாம். தெரிந்தவர்கள் உட்கார்ந்து இலவசமாகச் சரிபண்ணிக் கொடுப்போம். இடம் கிரிஜா மேடத்தினுடையது. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். காரை விற்ற பிறகு ஷெட் காலியாகக் கிடக்கிறதே என்று கொடுத்தார். மிக்ஸி ரிப்பேரை யூடியூபில் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். டிரில்லிங் மிஷின், ஸ்பேனர், மல்டிமீட்டர் எல்லாம் சௌந்தரராஜன் சாருடையவை. அவர் ரயில்வேயில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவர். மூன்றாவது ஆள் பாலக்கரை ஹமீது பாய், சவூதியில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். நான் பிசிக்ஸ் டீச்சராக இருந்தவள். வாசலில் டேபிள் போட்டு டோக்கன் கொடுப்பது என் வேலை. ஆகவே எல்லாச் சண்டையையும் முன்வரிசையிலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு.

போர்டு

இடம் கொடுத்தவர் தலைவரா, கருவி கொடுத்தவர் தலைவரா என்ற கேள்வி பட்டறைக்குப் போர்டு எழுதும்போது கிளம்பியது. சாருக்கு ‘நிறுவனத் தலைவர்’, மேடத்துக்குத் ‘தலைமை ஒருங்கிணைப்பாளர்’ என்று ஒரு சமாதானம் செய்தோம். இதில் எது பெரியது என்று இருவரும் என்னைத் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவரிடமும் “உங்களுடையதுதான்” என்று சொல்லிவிட்டேன். ஹமீது பாய் தொழில்நுட்ப ஆலோசகர், நான் செயலாளர். டீ குடிக்க மட்டும் வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் துணைத் தலைவர்.

அடுத்து, யார் பெயர் மேலே? அகரவரிசை என்று நான் சொன்னதும் சார் தன் இன்ஷியலைச் சேர்த்து ‘அ. சௌந்தரராஜன்’ என்று எழுதச் சொன்னார். மேடம் அசரவில்லை. அவர் கணவர் பெயர் அனந்தராமன். ‘அ. கிரிஜா’ மேலே போய்விட்டார். கல்யாணத்தால் வந்த முதல் பிரயோஜனம் இது என்று அன்றைக்கு மேடம் சந்தோஷப்பட்டார்.

போர்டு மாட்டிய ஞாயிற்றுக்கிழமை, துறையூரிலிருந்து டேபிள் ஃபேனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். போர்டை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: “எல்லாம் சரிங்க, இதுல ஃபேன் ரிப்பேர் பண்றவர் யாருங்க?”

பூட்டு

ஒருநாள் சாருடைய மல்டிமீட்டர் வைத்த இடத்தில் இல்லை. மேடம் அதை எடுத்து அலமாரியில் ஒழுங்காக வைத்திருந்தார். என் சாமானை யாரைக் கேட்டுத் தொட்டீர்கள் என்று ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் சார் ஷட்டரின் வலது பக்கம் தன் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். இடது பக்கம் மேடத்தின் பூட்டு ஏற்கெனவே இருந்தது. அன்றிலிருந்து இருவரும் வந்தால்தான் பட்டறை திறக்கும்.

அடுத்த ஞாயிறு சார் குடும்பத்தோடு சமயபுரம் போய்விட்டார். தரிசன வரிசையில் நின்றவர் போனை எடுக்கவில்லை. வாசலில் மிக்ஸியும் குக்கருமாக ஒரு கூட்டம் வெயிலில் நிற்கிறது. மேடம் தன் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, “என் பக்கம் திறந்தாச்சு, இனிமே என் மேல தப்பு சொல்லாதீங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் எந்த வீட்டுப் பூட்டு மக்கர் பண்ணினாலும் ஹமீது பாயைத்தான் கூப்பிடுவார்கள். அவரோ கையில் டீ கிளாஸோடு சுவரில் சாய்ந்து நின்றார். இதைத் திறக்க உங்களுக்குத் தெரியாதா பாய் என்று கேட்டேன்.

“தொறக்கிறது பெரிய விஷயமா டீச்சர்? யாரு தொறக்கச் சொன்னான்னு நாளைக்குக் கேட்டா யார் பேரைச் சொல்றது? இங்க தலைவருங்க நிறைய பேர் இருக்காங்க, பேர் சொல்ற மாதிரி ஒருத்தரும் இல்ல.”

ராஜினாமா

அன்றைக்குப் பட்டறை திறக்காமலே போன பூட்டு விவகாரத்தில் எல்லோரும் தன்னைக் குறை சொன்னார்கள் என்று சார் வாட்ஸ்அப் குழுவில் ராஜினாமா அனுப்பினார். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று தொடங்கி, அந்தக் காரணங்கள் அத்தனையையும் நீளமாக எழுதியிருந்தார். எல்லாமே கிரிஜா மேடம் சம்பந்தப்பட்டவை. மேடம் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டார். அது சம்மதமா, நக்கலா என்று குழுவில் நாள் முழுக்க விவாதம் நடந்தது.

மறுநாள் காலை எனக்கு ஒரு போன் வந்தது. சாரின் மனைவி. குரலைத் தாழ்த்திப் பேசினார்: “டீச்சர், தயவுபண்ணி அந்த ராஜினாமாவை ஏத்துக்காதீங்க. நேத்திலேர்ந்து இங்க நல்லா ஓடிண்டிருக்கிற சாமானையெல்லாம் ஒண்ணொண்ணாக் கழட்டிண்டிருக்கார்.”

அயர்ன் பாக்ஸ்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இது அப்படியில்லை.

திருவானைக்காவலில் தையல் கடை வைத்திருப்பவர் தேன்மொழி. சார் ராஜினாமாவை வாபஸ் வாங்கித் திரும்பி வந்த அன்று, தேன்மொழி தன் அயர்ன் பாக்ஸைக் கொடுத்துச் சரிபண்ணி வாங்கிப் போனார். அடுத்த ஞாயிறு பட்டறை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்து, பெட்டியை டேபிளில் டங்கென்று வைத்தார். “கையில பிடிச்சதும் கரண்ட் தூக்கி அடிச்சிடுச்சு. பெட்டி போய்ச் சுவத்துல விழுந்துச்சு. பக்கத்துல என் பொண்ணு உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா” என்றார்.

ஹமீது பாய் பெட்டியைக் கழற்றினார். எர்த் ஒயர் மாட்டப்படாமல் தொங்கியது. கரண்ட் ஒயரின் தோல் மூடிக்கு அடியில் நசுங்கிப் பிய்ந்திருந்தது. யார் பார்த்த பெட்டி இது என்றார். எங்கள் பட்டறை இலக்கணத்தில், சாமான் ஓடினால் ‘நான் பார்த்தேன்’, ஓடாவிட்டால் ‘நாம பார்த்தோம்’. அன்றைக்கு அந்த ‘நாம’கூட வரவில்லை. துணைத் தலைவர் நைசாக வெளியே நழுவினார்.

நடந்தது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. சார் அந்தப் பெட்டியைத் திறந்து பாதி வேலையில் இருந்தபோது, மேடம் கருவி அலமாரியை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னார். சார் எழுந்து போய்ச் சண்டை போட்டார், அப்படியே கோபத்தில் வெளியேயும் போய்விட்டார். தேன்மொழி அவசரமாகப் போகவேண்டும் என்று நின்றார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து மேடம் மூடியைத் திருகிக் கொடுத்து அனுப்பினார். மேடம் சரிபார்த்துத்தான் கொடுத்திருப்பார் என்று சார் நினைத்திருக்கிறார்.

சொல்வதா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, “கழட்டினது நான்தாம்மா, பாதியில விட்டுட்டுப் போனதும் நான்தான்” என்றார் சார். உடனே மேடம், “மூடினது நான். டெஸ்ட் பண்ணாமக் கொடுத்ததும் நான்” என்றார். “இல்ல மேடம், ஃபோர்மேன் நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.” “சார், கடைசியாக் கை வெச்சது நான்.” குற்றத்துக்கும் இருவரும் போட்டி போட்டார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. சார் புது ஒயர் போட்டார். மேடம் குனிந்து டார்ச் பிடித்தார். டெஸ்டரை வைத்து ஆளுக்கொரு தடவை பார்த்தார்கள், ஹமீது பாயையும் பார்க்கச் சொன்னார்கள்.

தேன்மொழி பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கங்க, வேணாங்கல. என் பெட்டியை ஒழுங்கா மூடினதுக்கப்புறம் போட்டுக்கங்க.”

தலைவர் யார்?

அன்று மத்தியானமே கூட்டம் போட்டோம். ரிப்பேர் பார்த்தவர் தன் பெயரை ஒரு அட்டையில் எழுதிச் சாமானில் கட்டித் தரவேண்டும் என்று முடிவானது. வெளியே போகிற ஒவ்வொரு சாமானையும் தலைவர் சோதித்துப் பார்க்கவேண்டும், புகார் வந்தால் போனில் பதில் சொல்லவேண்டியதும் அவர்தான் என்று ஹமீது பாய் சேர்த்துச் சொன்னார். அப்படியானால் ஒரே தலைவர்தான் இருக்க முடியும், யார் என்று கேட்டேன்.

சார் மேடத்தைக் காட்டினார்: “நிர்வாகம்னா பேங்க்ல இருந்தவங்கதான்.” மேடம் சாரைக் காட்டினார்: “டெக்னிகல் விஷயத்துல சாரை அடிச்சுக்க ஆள் கிடையாது.” இத்தனை மாதமாக ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லாத நல்ல வார்த்தைகளையெல்லாம் அன்றைக்கு ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தார்கள். துணைத் தலைவருக்குத் திடீரென்று முக்கொம்பில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது. கடைசியில் ஞாயிற்றுக்கு ஒருவர் என்று முறை வைத்தோம். முதல் முறை சாருக்கு.

அந்த வாரம் அவர் சோதித்த சோதனையில், மேடம் பார்த்த மிக்ஸி ஒன்று உள்ளே திரும்பிப் போய்த் திரும்பிப் போய் வந்தது. மேடமும் முணுமுணுக்காமல் மறுபடி மறுபடி கழற்றினார். ஒருவழியாக அதைக் கொடுத்தனுப்பி, சார் வியர்வையைத் துடைக்கும்போது பட்டறை போன் அடித்தது. சார் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “இந்த வாரம் தலைவர் நீங்கதான் சார், எடுங்க.”

ஆக, எங்கள் பட்டறையில் பதவிக்கு இருந்த கிராக்கி அடியோடு போய்விட்டது, சாமான்கள்தான் முன்னைவிட நன்றாக ஓடுகின்றன.