பனம்பாத்தியில் பத்து அக்ரூட்

எங்கள் மாமாவைப் போல நம்பமுடியாத ஆள் தலைமன்னாரிலேயே கிடையாது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். உம்மாவின் தம்பி அவர். வெள்ளைக்காரன் காலத்தில், இந்தியாவிலிருந்து கப்பல் வந்து நிற்கும் இறங்குதுறையில் பெட்டி சுமந்தார். தின்பண்டம் எது கொண்டுவந்தாலும் வீடு வந்து சேரும்போது பாதிதான் மிஞ்சும்.

தம்பி பிறந்த வருடம் உம்மா மிகவும் இளைத்துப்போனார். எழுந்து நின்றால் தலை சுற்றும். பாலும் போதவில்லை, தம்பி அழுதுகொண்டே கிடந்தான். அந்த நாட்களில்தான் மாமா ஒருநாள் மடி நிறைய அக்ரூட் கொட்டை கொண்டுவந்தார். கப்பலில் வந்த காபூல்காரர் ஒருவர் கொடுத்தாராம். ஒன்றை உடைத்துக் காட்டினார்.

"பாருங்கோ, மனுசன்ட மூளை மாதிரியே இருக்கு. மூளைக்கும் நல்லம், நெஞ்சுக்கும் நல்லம். இதில இருக்கிற எண்ணெய்தான் பெலன். பிள்ளை பெத்தவ நாளைக்கு ரெண்டு திண்டா எழும்பி ஓடுவா."

மிச்சம் பத்து அலுமாரிக்குள் போயின. எனக்கோ ஒரே கவலை. நாளைக்கு இரண்டென்றால் ஐந்து நாளில் முடிந்துவிடும். ஆறாம் நாள் உம்மா என்ன செய்வார்? வீட்டுக்குப் பின்னால் அப்போதுதான் பனம்பாத்தி போட்டிருந்தார்கள். மணலில் புதைத்த பனங்கொட்டை ஒவ்வொன்றும் நாலு மாதத்தில் கைநீளக் கிழங்கு தரும். சும்மா விழுந்து கிடக்கும் பனங்கொட்டையே அப்படித் தந்தால், காபூல் கொட்டை எவ்வளவு தரும்! அன்று மத்தியானமே பத்தையும் பாத்தியின் மூலையில் வரிசையாகப் புதைத்துத் தண்ணீரும் ஊற்றினேன்.

அஸர் தொழுகை முடிந்து வாப்பாவின் அக்கா, மாமா 'ராத்தா' என்று கூப்பிடும் எங்கள் மாமி, அலுமாரியைத் திறந்தார். வீடு இரண்டுபட்டது. மாமி என் கையைப் பிடித்து விரித்தார். நகமெல்லாம் ஈரமணல்.

"இதென்னடி மண்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் மாமாவின் குரல் வந்தது.

"பிள்ளையை விடுங்கோ ராத்தா. நான்தான் திண்டனான்."

அதன்பிறகு மாமி பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பால்குடிப் பிள்ளையின் வாயில் மண் போட்டவன் என்றார். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தன்னை வளர்த்த அக்கா அப்படிச் செய்ததுதான் மாமாவைச் சுட்டிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்தையும் புதைத்தவள் நான். அப்படியானால் இவர் தின்றது எதை? எங்களுக்குத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் ஒளித்துவைத்திருக்கிறார்! ஒரு கிழமை அவரோடு நான் பேசவில்லை. எங்கெங்கோ அலைந்து அவர் எட்டுக் கொட்டை கொண்டுவந்து, உம்மாவின் முன்னாலேயே உடைத்துக் கொடுத்தபோதும், ஒளித்ததைப் பயத்தில் வெளியே எடுக்கிறார் என்றே நினைத்தேன்.

உம்மா மெல்ல மெல்லத் தேறினார். அக்ரூட்டாலோ, பால் ஊற மாமி ஆக்கித் தந்த பால்சுறா மீன் வறையாலோ, அல்லாஹ்தான் அறிவான்.

நாலு மாதம் கழித்துப் பாத்தி கிண்டினார்கள். மண்வெட்டி மாமாவின் கையில், கிழங்கு பொறுக்குவது மாமி. நான் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கறுத்து அழுகிய கொட்டைகள் வரிசையாக வெளியே வந்தன. ஒன்றுகூட முளைக்கவில்லை. மாமா அவற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். காலால் மணலைத் தள்ளி மூடினார்.

"இந்த மூலையில ஒண்டுமில்லை ராத்தா."

நல்ல வேளை, மாமாவுக்கு அவை என்னவென்று தெரியவில்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அன்று அவித்த கிழங்கில் பெரியதாகப் பார்த்து அவர் எனக்கு உரித்துக் கொடுத்தார். "இனியாவது களவாத் தின்னாதீங்கோ மாமா" என்று புத்தி சொல்லிவிட்டுத்தான் அதை வாங்கினேன்.