மேல் அறையில் விடை சொல்லாத பெடியன்

லண்டன் ஹரோவில் எங்கள் கடை இருக்கிற தெருவில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கென்றாலும் சொல்லலாம், உழைத்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, பிறகு அந்தக் குசினிக்கே பொறுப்பாகி, இங்கே வந்து கடை போட்டவன். உதவி கேட்டு ஒருத்தரிடமும் போய் நின்றதில்லை. இப்போது முழங்கால் இரண்டும் சொல்வழி கேட்பதில்லை. மரக்கறி வான் வந்து ஹோர்ன் அடித்தால்தான் எழும்புகின்றன.

என் கடைசி மகள் எஞ்சினியரிங் படிக்கிறாள். முதல் வருசத்தில் ஒரு பாடம் கோட்டை விட்டுவிட்டாள். கூரை வளை, பாலத்து உத்திரம் எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிற பாடம். ஓகஸ்டில் திரும்ப எழுத வேண்டும். அதிலும் போனால் யூனிவர்சிட்டியால் நிற்பாட்டிவிடுவார்கள். நானோ கடைக்கு வருகிற எல்லாரிடமும் "மகள் எஞ்சினியர்" என்று எப்போதோ சொல்லி முடித்துவிட்டேன். அந்தக் கோடை முழுக்க அவள் கடையின் முன்பக்கம் வரவில்லை. பின்வாசலால் வந்து பின்வாசலால் போனாள்.

அதே பாடத்தில் தவறிய இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து சனிக்கிழமைகளில் படித்தாள். யூனிவர்சிட்டியில் அப்படி ஒரு முறை உண்டாம். லெக்சரர் கிடையாது, மேல் வகுப்பில் படிக்கிற பிள்ளை ஒன்று கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு வந்து இருக்கும். விடுமுறையில் அங்கே அறை கிடைக்கவில்லை என்றார்கள். கடைக்கு மேலே இருக்கிற அறையில் அரிசி மூட்டைகளை ஒதுக்கி, வெள்ளைப் பலகை ஒன்றும் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். நடத்த வந்தவன் மூன்றாம் வருசப் பெடியன், மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், லண்டனின் தென்பக்கம் ஸ்ட்ரெதமில் இருக்கிறார்கள்.

முதல் சனிக்கிழமை தேத்தண்ணியும் றோல்சும் கொண்டு மேலே ஏறினேன். மகள் பலகையடியில் நிற்கிறாள். கையில் பேனை, முகம் சிவந்து போயிருக்கிறது. ஒருவரும் பேசவில்லை. பெடியன் கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தான். இடைக்கிடை ஒரு கேள்வி. அந்த அம்புக்குறி ஏன் கீழே பார்க்கிறது, மற்றப் பக்கம் யார் தாங்குகிறது என்று. தெரியாதவர்தான் பலகைக்குப் போக வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கமாம். என் பிள்ளை அப்படி நிற்பதை எனக்குப் பார்க்க ஏலவில்லை.

"தம்பி, உமக்கு விடை தெரியுமோ?"

"ஓம் அங்கிள்."

"அப்ப சொல்லுமன். அவள் எவ்வளவு நேரம் நிக்கிறது?"

"சொன்னா எழுதிப்போடுவா. சோதனையில நான் பக்கத்தில இருக்க மாட்டன் அங்கிள்."

தட்டை மேசையில் வைத்தேன். கீழே இறங்கி வந்தேன். தெரிந்துகொண்டே சொல்லாமல் இருப்பதை நாங்கள் நல்ல குணமாக எடுத்ததில்லை. ஜெர்மனியில் தொழில் தெரிந்த சமையற்காரன் ஒருவன் நான் பக்கத்தில் வந்தால் சட்டியை மூடுவான். அவனுடைய நினைவுதான் வந்தது.

எங்களுக்குப் படிப்பு என்றால் ரியூசன். ஊரில் கொட்டில் நிறையப் பிள்ளைகளை வைத்துக் கணக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவர் இங்கே ஓய்வாக இருந்தார். கூட்டிவந்தேன். மனிசன் பலகையை ஒரு மூலை மிச்சமில்லாமல் நிரப்பினார். விடைக்குக் கீழே சிவப்பில் கோடு. பிள்ளைகள் தலை நிமிராமல் கொப்பி பண்ணினார்கள். பேனைகள் ஓடுகிற சத்தம் படி வரைக்கும் கேட்டது. இதுதான் படிப்பு என்று கீழே நின்ற சனத்துக்குச் சொன்னேன். பெடியன் பின்னால் இருந்து பார்த்தான். முடிந்ததும் பலகையை அவனே அழித்தான். போகும்போது, மாஸ்டர் இருக்கிறார்தானே, நான் எதற்கு அங்கிள் என்று மரியாதையாகத்தான் கேட்டான். அதற்குப் பிறகு வரவில்லை.

சில கிழமை போயிருக்கும். கடை திறக்க முன்னம் மகள் அரிசி மூட்டை மேல் இருந்து, மாஸ்டர் செய்து காட்டிய கணக்கைத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். மாஸ்டரின் விடையைக் கையால் மூடியிருந்தாள். கடதாசியில் ஒரு கோடும் ஒரு அம்புக்குறியும், அவ்வளவுதான். வான்காரனுக்குக் கணக்கு முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அதே கோடு, அதே அம்புக்குறி.

"அப்பா, மாஸ்டர் செய்யேக்க எல்லாம் விளங்குது. தனியச் செய்யேக்க முதல் வரியே வருகுதில்லை. அந்த அண்ணாவைத் திருப்பிக் கூப்பிடுங்கோ."

"நீயே ஒரு மெசேஜ் போடன்."

"அவரை அனுப்பினது நீங்கள்."

நான் அனுப்பவில்லை, அவனாகத்தான் போனான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஏற்கெனவே குனிந்துவிட்டாள். மாஸ்டருக்கு மேல் அறை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டேன். அது மழையே இல்லாத மாதம். அவர் நம்பினாரோ தெரியாது. இன்றைக்கும் மீன் எங்களிடம்தான் வாங்குகிறார்.

ஞாயிற்றுக்கிழமை ரெயில், பிறகு பஸ், அதற்குப் பிறகு ஏற்றமான ஒரு தெரு. இந்த முழங்காலோடு ஸ்ட்ரெதமுக்குப் போனேன். பூசை முடிந்து, அவர்களுடைய மாதா கோயில் மண்டபத்தில் பெடியன் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு கதிரையை எனக்கு இழுத்துப் போட்டான். நின்றுகொண்டு கேட்கத்தான் வந்தேன், ஆனால் கால் விடவில்லை. இருந்துகொண்டே கேட்டேன், வாரும் தம்பி என்று.

அவன் கையிலிருந்த கதிரையை அடுக்கில் வைத்தான். "வாறன் அங்கிள். ஆனா தேத்தண்ணி கொண்டு வந்தா வைச்சிட்டு உடனே இறங்கோணும்."

என் கடையில், என் அறையில், எனக்கே சட்டம். சிரிப்பும் வந்தது. ஓம் என்றேன்.

மிச்சச் சனிக்கிழமைகள் எனக்குப் பெரிய பாடு. தலைக்கு மேலே சத்தமே இருக்காது. அவள் அங்கே நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். கறிவேப்பிலையைக் கட்டிக் கட்டி வைத்தேன். பிறகு திடீரென்று நாலு பேரும் ஒன்றாகக் கதைப்பார்கள், யாரோ கதிரையை இழுப்பார்கள், எனக்கு மூச்சு வரும்.

முடிவு வந்த அன்று அவள் முன்வாசலால் வந்தாள். கடையில் சனம் நின்றது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "நல்லாப் பாஸ் பண்ணிட்டாள்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

"தப்பினது அப்பா. மட்டுமட்டாத் தப்பினது" என்றாள், அதுவும் எல்லாருக்கும் கேட்க. சொல்லிவிட்டுக் கல்லாவில் வந்து இருந்து, என்னைப் போய்ச் சாப்பிடச் சொன்னாள்.

மேல் அறைக்கு இப்போதும் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வருகிறார்கள், இரண்டாம் வருசப் பாடம். பலகையடியில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மேலே ஏற இனி ஏலாது. தேத்தண்ணித் தட்டைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டுக் கூப்பிடுவேன்.