மாமாவின் வயதுக்கு நேரே இருந்த எண்

அந்தக் காலத்தில் தென்காசியில் ஒருவன் பி.ஏ. பாஸ் செய்தால் தாசில்தார் ஆவான், இல்லையென்றால் வக்கீல் ஆவான், இரண்டும் ஆகாவிட்டால் சாமியார் ஆவான். கணக்கில் பட்டம் வாங்கிய நான் ஆக்சுவரி ஆகப் போகிறேன் என்றதும் ஊர் குழம்பிப்போயிற்று. ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எந்த வயதுக்காரரிடம் எவ்வளவு பிரீமியம் வாங்கலாம் என்று கணக்குப் போடுகிற வேலை என்று விளக்கினேன். "மனுசன் எப்பச் சாவாம்னு சொல்லுத உத்தியோகமாம்" என்று அவர்கள் அதைச் சுருக்கிக்கொண்டார்கள். கடைத்தெருவில் சிலர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நகர்ந்தார்கள். சிலர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பரீட்சையை நடத்தியது லண்டனில் ஒரு சங்கம். வருஷத்துக்கு ஒரு தடவை, சென்னைக்குப் போய் எழுத வேண்டும். அந்த வருஷம் தேறினால் வேலை நிச்சயம் என்று பட்டணத்துக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. அச்சன்புதூரில் வயலும் தோப்புமாக இருந்த என் தாய்மாமாவும், "பாஸ் பண்ணுலே, மறுமாசமே எம் மவளக் கட்டித் தாரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு வேலையும் வேண்டும், மாமா மகளும் வேண்டும். இரண்டுமே அந்த ஒரு பரீட்சையில் தொங்கிக்கொண்டிருந்தன.

வீட்டில் படிக்க வழியில்லை. 'மரண விகிதம்' என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும், "விளக்கு வைக்கிற நேரத்துல என்னலே பேச்சு இது?" என்று அம்மா புத்தகத்தை மூடிவிடுவாள். ஆகவே நிம்மதியாகப் படிக்கலாமென்று குற்றாலத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தேன். அதுவும் ஆனிச் சாரலில். ஜில்லாவே எண்ணெயைத் தடவிக்கொண்டு வந்து இறங்குகிற சமயத்தில் அமைதியைத் தேடிக் குற்றாலத்துக்குப் போன புத்திசாலி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பாடத்தின் அடிப்படை ஓர் அட்டவணை. லட்சம் குழந்தைகளை ஒரே நாளில் பிறக்கவைத்து, வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடித்து, கடைசி ஆள் போகிறவரை விடாமல் கணக்கு வைக்க வேண்டும். ஒவ்வொரு வயதுக்கும் நேரே, அந்த வயதுக்காரர் சராசரியாக இன்னும் எத்தனை வருஷம் இருப்பார் என்று ஓர் எண் இருக்கும். யமன்கூட இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்திருக்க மாட்டான்.

ஒரு நாள் மாமா அருவிக்குப் போகிற வழியில் என் அறைக்கு வந்தார். உடம்பெல்லாம் எண்ணெய். அது ஊறும்வரை பொழுது போக வேண்டுமே, அட்டவணையை எட்டிப் பார்த்தார்.

"இது என்னலே?"

சொன்னேன்.

"வெள்ளக்காரன் உசுருக்கா, நம்ம உசுருக்கா?"

"நம்ம உசுருக்குத்தான் மாமா. இன்ஷூரன்ஸ் எடுத்த இந்தியர்கள வச்சுப் போட்டது."

"அப்ப எனக்குச் செல்லாது. நான் எடுக்கலியே" என்றார். ஆனாலும் எண்ணெய் விரல் தன் வயதைத் தேடிப் போய்விட்டது. அங்கே இருந்த எண் அவருக்குப் பிடிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிற்று.

எனக்குப் பாவமாக இருந்தது. "அது சராசரிதான் மாமா, கெடு இல்ல. அதுக்குப் பிறகும் எத்தனையோ பேர் இருப்பாங்க" என்றேன்.

"அதுக்கு முந்தியே?"

பரீட்சைக்குப் படிக்கிறவன் பொய் சொல்லலாமா? "அதுக்கு முந்தியும் எத்தனையோ பேர் போவாங்க" என்றேன்.

மாமா அன்று குளிக்கவே இல்லை. எண்ணெயோடு வண்டியேறி நேரே ஜோசியர் வீட்டுக்குப் போனார். தான் கண்ணை மூடுவதற்குள் மகளைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்று ஆவணியின் முதல் முகூர்த்தத்தைக் குறித்துவிட்டார். அன்றுதான் சென்னையில் பரீட்சை.

நான் கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு வேளை சாப்பாட்டைக்கூட விட்டுப் பார்த்தேன். குறித்த முகூர்த்தத்தை மாற்றுவது அபசகுனம் என்று அம்மா அழுதாள். மாமா மட்டும் நிதானமாக யோசித்து ஒரு வழி சொன்னார்: "லண்டனுக்கு ஒரு தந்தி அடிலே. கல்யாணம்னு சொன்னா அவனுக்குத் தெரியாதா? தள்ளி வைப்பான்."

லண்டன் தள்ளி வைக்கவில்லை. சென்னையில் வினாத்தாள் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் மணவறையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில், நான் ஆசைப்பட்ட பெண். அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட மனசில்லாமல் ஆத்திரத்தில் அழுதேன். ஹோமப் புகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கம்பெனி அடுத்த வருஷப் பரீட்சைவரை காத்திருக்காமல் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. தென்காசியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரானேன்.

மாமா ஒவ்வொரு சாரலுக்கும் தவறாமல் வந்தார். அட்டவணை கொடுத்த வருஷங்களைத் தாண்டிய பிறகும் வந்தார். அப்படி ஒரு நாள் அருவிக் கரையில் எண்ணெயோடு உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, உங் கணக்குப்படி நான் போயிருக்கணும்லா?"

"அது சராசரி மாமா."

"நல்லவேளை, அந்தப் பரிச்சைய நீ எழுதல. தப்புக் கணக்கப் படிச்சு என்னலே ஆகப் போவுது? நான் மட்டும் அன்னைக்கு முகூர்த்தம் குறிக்கலன்னா உங் கதி என்ன ஆயிருக்கும்?"

அவரை அப்படியே அருவிக்குள் தள்ளிவிடலாமா என்று இருந்தது. அவர் முதுகைத் திருப்பிக் காட்டி, எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். தேய்த்துவிட்டேன்.