ஆண்டிச்சாமி கைக்கு ஒரு வாட்ச்

"கை எம்புட்டுப் பெருசு இருக்கும்க்கா?" என்று கேட்டான் சிவமுருகன்.

பாண்டிச்செல்வி வலக்கைக் கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து, இரண்டும் தொடாதபடி கொஞ்சம் இடம் விட்டுக் காட்டினாள். காய்ச்சலில் பிடித்த கை. பழனிப் படிக்கட்டில் கூட்டத்துக்குப் பயந்து பிடித்த கை. கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில், சூடு ஆறும் வரை விடாமல் பிடித்திருந்த கை. மனசு மறந்தாலும் விரல் மறக்குமா?

கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் பழைய வாட்ச் வாங்கி விற்கிற சின்னக் கடை அது. சிவமுருகன் அவள் விரல் வளையத்துக்குள் வாட்ச் சங்கிலியை நுழைத்துப் பார்த்து, இரண்டு கண்ணிகளைக் கழற்றினான்.

"அண்ணனுக்குச் சரியா இருக்கும். என்னக்கா, கல்யாண நாளா?"

"அப்பிடித்தான் தம்பி."

செத்துப் போனவருக்கு என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அந்தப் பரிதாபத்தை ஒரு வருடமாகப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தாள். இந்தக் கடையில் நிற்கும் நேரமாவது ஆண்டிச்சாமி உயிரோடு இருக்கட்டுமே!

"இது யாரு கையில கெடந்தது? செத்தவுக சாமான் ஒண்ணும் இல்லையே?" என்று அவளே கேட்டாள்.

"அட ஏங்க்கா! பங்களாவை வித்துட்டுப் போன சாரோடது. பெங்களூர்ல ஜம்முன்னு இருக்காரு. போன் போட்டுத் தரவா?"

நீல முகம். மேகம் விலகிய காலையில் ஏரி காட்டுகிற நீலம். அதன்மேல் நொடி முள் சறுக்கிக்கொண்டு போனது.

"பேட்டரி கெடையாது, சாவியும் குடுக்க வேணாம். அண்ணனைத் தினம் கையில கட்டச் சொல்லுங்க, அது போதும்."

விற்கிறவன் வாய்ப்பேச்சு என்று அதைக் காதோடு விட்டுவிட்டாள்.

பெருமாள்மலை டாக்ஸி ஸ்டாண்டில் ஆண்டிச்சாமியைத் தெரியாதவர்கள் கிடையாது. வெற்றிலை கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஊர் சுற்றிக் காட்டுகிற மனுஷன், தனக்கென்று ஒரு நல்ல சட்டை எடுத்ததில்லை. அவர் வாழ்நாளில் ஆசைப்பட்டது ஒரே ஒரு பொருளுக்குத்தான்.

கல்யாணமான புதிதில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் அவர் வண்டியில் மலையிறங்கினார். வளைவுகளில் வாந்தி எடுத்து, வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டு முகம் கழுவினார். வத்தலக்குண்டில் இறங்கிப் போயும் விட்டார். பெருமாள்மலை திரும்பிய பிறகுதான் பின்சீட்டில் அந்த நீல வாட்ச் கிடப்பதை ஆண்டிச்சாமி கண்டார். மறுபடியும் இறங்கினார். வளைவில் எங்காவது விழுந்து தொலைந்துவிடுமோ என்று பயந்து அதைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். பதறிப்போய் பஸ் ஸ்டாண்டில் நின்ற மனிதரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அவ்வளவுதான் கதை. ஆனால் அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்!

"செல்வி, டம் டம் பாறை வளைவுல ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன். வெயிலு சுள்ளுன்னு அதும்மேல விழுகுது. என் கையா இது, மகாராசன் கையான்னு எனக்கே சந்தேகம்!"

"ஆமா, மகாராசாவுக்கு இங்க ரசம் ஆறிக் கெடக்கு, வெரசா சாப்பிடுங்க" என்பாள் அவள்.

அப்படிப்பட்ட மனுஷன் போன தை மாதம் ஸ்டாண்டில் வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தார். பிறகு நிமிரவே இல்லை; ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயும் பிழைக்கவில்லை. சாகும்போதும் அடுத்தவர் வண்டியில் இடித்துவிடக் கூடாது என்று நினைத்த பாவி மனுஷன்!

இப்போது வருடப் படையல் வருகிறது. இறந்தவர்கள் ஆசைப்பட்டதை எல்லாம் படத்துக்கு முன்னால் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பரோட்டா வைக்கலாம், புது வேட்டி வைக்கலாம். ஆனால் அவர் ஆசைப்பட்டது? அட்டுவம்பட்டிக் காட்டேஜ்களில் பெட்ஷீட் துவைத்து மடித்துச் சேர்த்த சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டுதான் பாண்டிச்செல்வி ஏழு ரோட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ச்சைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். காது கொடுத்துக் கேட்டாள். உள்ளே என்னமோ சின்ன உயிர் ஒன்று மூச்சு விடுவது போல இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவளைத் தவிர இன்னொரு மூச்சு.

"பிடிச்சிருக்காங்க?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டாள். ஆண்டிச்சாமி வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை விளக்கேற்ற வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நொடி முள் நின்றுபோயிருந்தது. தட்டிப் பார்க்கவும் பயம், தொடவும் பயம். நாளைக்குப் படையல். அவருக்கென்று வாங்கியது, அவர் முன்னாலேயே நின்றுவிட்டது. இதற்கு என்ன அர்த்தம்?

"வேணாங்கிறீகளா?" அவள் குரல் உடைந்தது. "இருந்தப்ப வாங்கித் தராதவ, செத்தப்புறம் எதுக்குடின்னு கேக்குறீகளா? சொல்லுங்க!"

அழுது முடித்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு ரோட்டில் போய் இறங்கினாள்.

"ஏன் தம்பி, செத்த வாட்ச்சையா என் தலையில கட்டுன? நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

கடை திறந்ததும் திறக்காததுமாக விழுந்த சாபத்தில் சிவமுருகன் மிரண்டுபோனான். வாட்ச்சை வாங்கி நாலு தடவை பக்கவாட்டில் ஆட்டினான். நொடி முள் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

"ஓடுதே!" என்றாள் பாண்டிச்செல்வி, மூச்சுவிட மறந்து.

"ஓடாம? நாந்தான் அன்னைக்கே சொன்னேனேக்கா. இது கை ஆட்டத்துலதான் ஓடும். கழட்டி வச்சா ரெண்டு நாள்கூடத் தாங்காது. அண்ணன் ஏன் கட்டல? கலர் பிடிக்கலையா?"

அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கடைசியில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

"கட்டுறதுக்குக் கை இல்ல தம்பி. படத்துக்கு முன்னால வச்சேன். அவுக போயி வருசம் திரும்பப் போகுது."

சிவமுருகன் வாட்ச்சை மெல்லக் கீழே வைத்தான். ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, டீ சொன்னான். அவள் பயந்த பரிதாபம் அவன் முகத்தில் வந்தது. ஆனால் இன்று அது சுடவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா. பேட்டரி வாட்ச் ஒண்ணு தர்றேன், இதே நீலம். யாரும் தொட வேணாம், படத்துக்கு முன்னால அது பாட்டுக்கு ஓடும். மிச்சக் காசைத் திருப்பித் தந்துடுறேன்."

அவன் எடுத்து வைத்த வாட்ச் அழகாகத்தான் இருந்தது. யார் கையும் தேவையில்லாமல், யாரையும் தேடாமல் 'டிக் டிக்' என்று ஓடியது. பாண்டிச்செல்வி அதைப் பார்த்தாள். பிறகு தன் வாட்ச்சை எடுத்து இடது கையில் மாட்டினாள். அது முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது.

"இன்னும் நாலு கண்ணி கழட்டணும்க்கா. குடுங்க."

"வேணாம் தம்பி! அவுக அளவைக் குறைச்சுராத."

மறுநாள் படையல். திண்டுக்கல்லில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் லாவண்யா வந்திருந்தாள். ஆண்டிச்சாமியின் தம்பி மூக்கையா அடுக்கம் கிராமத்திலிருந்து வாழைத்தாரோடு வந்தார். பரோட்டா, சால்னா, புது வேட்டி, நடுவில் நீல வாட்ச். சூடம் காட்டும்போது எல்லோரும் கண்ணை மூடினார்கள். பாண்டிச்செல்வி மட்டும் மூடவில்லை. முள் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ஓடியது. முந்தைய நாள் முழுக்க அவள் கையிலிருந்து வாங்கிய ஓட்டம்.

படைத்ததை வீட்டு ஆட்கள் எடுத்து உடுத்த வேண்டும் என்பதும் அந்த வழக்கத்திலேயே உண்டு. வேட்டி மூக்கையாவுக்குப் போனது. அவர் வேட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இடது கையையும் மெல்ல நீட்டினார்.

"ஆம்பளை சாமான். வீட்டுக்குள்ள சும்மா கெடந்து என்ன செய்யப் போவுது மதினி?"

"சித்தப்பா, வேட்டி ஒண்ணு போதும். கையை மடக்குங்க" என்றாள் லாவண்யா.

"அதுக்கில்ல தாயி. பொம்பளை கட்டுனா ஊரு சிரிக்கும்லா?"

"சிரிக்கட்டும் கொழுந்தனாரே. நான் அழுதப்ப ஊரு வந்து கூட அழுதுச்சாக்கும்?" என்ற பாண்டிச்செல்வி வாட்ச்சை எடுத்துக்கொண்டாள்.

மகள் ஊருக்குப் போன பிறகு, காலைக் குளிருக்கு ஆண்டிச்சாமியின் பழைய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நீண்டு தொங்கிய கையை இரண்டு மடிப்பாக மடித்து, அந்த மடிப்பின்மேல் வாட்ச்சைக் கட்டினாள். கொக்கி விழுந்தது. அசையவில்லை. கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் தொடவில்லை. அதே இடைவெளி. அதே கனம்.

 காட்டேஜுக்குப் போன் போட்டு இன்றைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"கீழ என்னக்கா சோலி?" என்றான் தெரிந்த கண்டக்டர்.

"ஒரு சோலியும் இல்ல. டீ குடிச்சிட்டு அடுத்த வண்டியில மேல வந்துருவேன்."

"டீ குடிக்கவா இம்புட்டுத் தூரம்? நல்ல கூத்து!"

டம் டம் பாறை வளைவில் பஸ் ஒடித்துத் திரும்பியது. எதிரே எலிவால் அருவி வெள்ளையாகத் தொங்கியது. ஆண்டிச்சாமி சொன்ன அதே வெயில் ஜன்னல் வழியாக வந்து நீல முகத்தில் விழுந்தது. பாண்டிச்செல்வி வெளியே பார்க்கவில்லை. ஸ்டியரிங் பிடிப்பது போல முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.