எஞ்சின் கணினியிலிருந்து இரண்டு வயர்

நல்லூர்த் தேர் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, முற்பகலில், வசாவிளானில் எங்கள் கார் நின்றது. அந்த ஆண்டில் அது மூன்றாவது முறை. முன்பு நின்ற இரு தடவையும் அருகில் வீடுகள் இருந்தன, தள்ளுவதற்கு ஆட்களும் வந்தார்கள். இம்முறை இரண்டு பக்கமும் பற்றைக்காடுதான். ஒதுங்குவதற்கு ஒரு கூரைகூட இல்லை. மனைவி குடையை விரித்துக்கொண்டு றோட்டோரம் நின்றாள். நான் பொனற்றைத் திறந்து, என்ன பார்ப்பதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்ட நேரம் கழித்து, சாவியைத் திருப்பியதும், எதுவும் நடக்காதது போலக் கார் ஸ்ரார்ட் ஆனது.

நாங்கள் இருப்பது பண்டத்தரிப்பில். மனைவியின் அக்கா அச்சுவேலியில் இருக்கிறார். பாரிசவாதம் வந்த பிறகு அவரால் எழுந்து நடக்க முடியாது. வெள்ளிக்கிழமைகளில் மனைவி போய்த்தான் அவருக்குத் தலை தோய வார்க்க வேண்டும். வேறு யாரையும் தன் தலையில் கைவைக்க அவர் விடுவதில்லை. அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, அது வழிந்து சட்டைக் கழுத்தெல்லாம் நனைந்தபடி அவர் நாற்காலியில் காத்திருந்தார். மனைவியைக் கண்டதும் தலையைக் குனிந்து கொடுத்தார். ஏசியிருந்தால் மனைவிக்கு இவ்வளவு உறைத்திராது.

திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கியதும் மனைவி சொன்னாள்.

"நான் இனி உந்தக் காரை நம்பி ஏறமாட்டன். நத்தாருக்கு முந்தி நீர்வேலிக்காரருக்குக் குடுத்துவிடுங்கோ."

நீர்வேலிக்காரர் என்று அவள் சொன்னது ஒரு வாழைத்தோட்டக்காரரை. பழைய கார்களைச் சேர்த்து, கல்யாணங்களுக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றிச் செல்ல வாடகைக்கு விடுபவர். எங்கள் காரை இரண்டு தரம் கேட்டுவிட்டார். அது என்னைவிடச் சில ஆண்டுகளே இளைய இங்கிலிசுக் கார். என் தகப்பனார் அதில்தான் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படிப்பித்தார். உடல் பழையது, எஞ்சின் புதிது. அந்த ஆண்டு தை மாதம்தான் ஒரு ஜப்பான் எஞ்சினை வைத்து, அதை ஆட்டுவிக்க, எந்தக் காருக்கும் பொருந்தும்படி கடைகளில் தனியாக விற்கும் எஞ்சின் கணினி ஒன்றையும் பொருத்தினோம். பெற்றோல் எவ்வளவு போக வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சின்னப் பெட்டிதான் முடிவு செய்யும்.

நத்தார் வரை, மார்கழிக் கிறிஸ்துமஸ் வரை, தவணை கிடைத்ததே போதும் என்று நினைத்தேன். காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று அன்று முடிவு செய்தேன்.

எஞ்சினோடு பெற்றோல் பம்பையும் மாற்றியாயிற்று. வடிகட்டியும் புதிது. முற்றத்தில் ஸ்ரார்ட் பண்ணி விட்டால் அரை மணி நேரமானாலும் நிற்காமல் ஓடும். றோட்டில்தான் நிற்கும். நின்றதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதில் எனக்கும் மனைவிக்கும் ஒத்துப்போகவில்லை. கார் முதலில் திணறியது என்றேன் நான். முதலில் குலுங்கியது, பிறகுதான் திணறியது என்றாள் அவள். எங்கள் புரட்டஸ்தாந்து சபையின் வரலாற்றுக்காகப் பல ஆண்டுகளாக மூத்தவர்களிடம் ஆண்டுகளையும் மாதங்களையும் கேட்டுச் சேர்த்து வருகிறேன். ஒரே புயலை மூன்று பேர் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் வைப்பார்கள். மூவருமே சத்தியம் பண்ணுவார்கள். கண்ணால் கண்டவர்களின் ஞாபகத்தை நம்பி இந்தக் காரைத் திருத்த முடியாது. எது முந்தியது, எது பிந்தியது என்று அந்தப் பெட்டியே சொல்ல வேண்டும்.

பெட்டிக்குத் தெரியும். எஞ்சினின் சூடு, மின்கலத்தின் நிலை, காற்றும் பெற்றோலும் கலக்கும் விகிதம் எல்லாம் அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அவற்றை வெளியே எடுத்துவர வழி இல்லை. கையேட்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன். தகவலை வெளியே அனுப்புவதற்கான இரண்டு புள்ளிகள் பெட்டிக்குள் உள்ள பலகையில் இருக்கின்றன, வெளிச் செருகிக்கு மட்டும் அவை கொண்டுவரப்படவில்லை என்று ஒரு அடிக்குறிப்பு சொன்னது. வேண்டுமானால் நாமே பற்றவைத்துக்கொள்ளலாம்.

குருநகரில் படகு எஞ்சின்களும் மீன் தேடும் கருவிகளும் திருத்தும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எஞ்சின் கணினியைப் பொருத்தியபோதும் அவர்தான் உடன் நின்றார். ஐம்பது கடந்தவர், கத்தோலிக்கர், வாய் ஓயாது. அடுத்த சனிக்கிழமை பற்றவைக்கும் கருவியோடு வந்தார். பெட்டியைத் திறக்கும் முன் மேசை மீது கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"செபம் சொல்லிப்போட்டுத் துறப்பம் அண்ணை. எங்கடையைச் சொல்லுவம். உங்கடை ஆக்களின்ரை செபம் முடிய பொழுது பட்டிடும்."

உங்கடை செபமாலையிலை ஒரே வசனத்தை ஐம்பது தரம் சொல்லுவியள் என்றேன். சிரித்துக்கொண்டே ஆணிகளைக் கழற்றினார்.

நான் படவரைஞராக வேலை பார்த்தவன். நுணுக்கமான வேலைக்குக் கை பழகியிருக்கிறது. பூதக்கண்ணாடியைப் பிடித்துப் புள்ளிகளைக் காட்டினேன். அவர் மஞ்சள் வயர் ஒன்றையும் பச்சை வயர் ஒன்றையும் எடுத்தார். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும் என்று கையேடு சொன்னது. முறுக்கினால்தான் பக்கத்து வயர்களின் இரைச்சல் தகவலில் கலக்காது. வயர்களின் ஒரு நுனியை மாமரத்தில் கட்டி, மறு நுனிகளைத் துளையிடும் மெசினில் கொடுத்து மெல்லச் சுழற்றினார். கயிறு திரிப்பது போல் முறுக்கு ஏறியது. பிறகு இரண்டையும் அந்தப் புள்ளிகளில் பற்றவைத்தார். பெட்டியின் பக்கத் தகட்டில் ஒரு துளை, துளைக்கு றப்பர் வளையம், கடைசி நுனியில் கையேடு சொன்ன மின்தடை. தீப்பொறிக்குப் போகும் வயரிலிருந்து விலக்கி, எஞ்சின் அறைச் சுவர் வழியாக டாஷ்போர்டின் கீழே கொண்டுவந்தோம். அங்கே தகவலைப் பதியும் சிறு கருவி.

திரையில் எண்கள் தெரிந்தன. லைற்றைப் போட்டதும் எல்லாம் துள்ளின. லைற்றை அணைத்தால் அடங்கின. கருவிக்கு வேண்டிய பூமி இணைப்பை, கிட்ட இருந்த ஒரு ஆணியில் கொடுத்திருந்தோம். அந்த ஆணிக்குக் கீழே எத்தனையோ தரம் பூசிய பெயின்ற்.

"படகிலை உப்பு, உங்கடை காரிலை பெயின்ற். கறண்டுக்கு ரெண்டும் ஒண்டுதான் அண்ணை" என்றார்.

எஞ்சின் கணினியின் பூமி இணைப்பு எங்கே இருக்கிறதோ அதே இடத்துக்கு இதையும் கொண்டுபோனோம். இப்போது லைற்றைப் போட்டும் எண்கள் துள்ளவில்லை.

அதன் பிறகு நான் தனியாகவே காரை ஓட்டினேன். வெள்ளிக்கிழமைகளில் மனைவி ஓட்டோவில் போவாள். நான் பின்னால் காரில் போவேன். ஊரில் சிரித்திருப்பார்கள். ஒரு வெள்ளி கார் நிற்கவில்லை. அடுத்த வெள்ளி வசாவிளானை நெருங்கும்போது நின்றது. எனக்கு வந்தது மகிழ்ச்சி. முன்னே போன ஓட்டோ நிற்காமல் போய்விட்டது, அதுவும் நல்லதுதான்.

வீட்டுக்கு வந்து பதிவை மடிக்கணினியில் போட்டேன். எஞ்சின் சூடு ஒழுங்கு. மின்கலம் ஒழுங்கு. கலவை மட்டும், வீட்டிலிருந்து புறப்பட்டது முதல், பெற்றோலின் பங்கு மெல்ல மெல்லக் குறைந்து சரிந்துகொண்டே போயிருந்தது. குலுக்கலும் இல்லை, திடீர்த் திணறலும் இல்லை. நாங்கள் இருவருமே பிழை. புதிய பம்பு, புதிய வடிகட்டி இருந்தும் பெற்றோல் ஏன் குறைகிறது என்று எனக்கு விளங்கவில்லை. நிற்காத வெள்ளியின் கோட்டையும் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் சரிந்துதான் இருந்தது. பாதி வழியில் சட்டென்று நிமிர்ந்து, மறுபடி முதலிலிருந்து சரிந்தது.

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தவள், கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் அவள். கோடுகளைக் கண்டால் வாசிக்காமல் போகமாட்டாள்.

"உது நிமிர்ந்த இடம் எது?"

"தெல்லிப்பளை."

"அங்கை நிண்டனீங்களோ?"

"செட்டிலை பெற்றோல் அடிச்சனான்."

அவள் நேரே முற்றத்துக்குப் போனாள். நான் பின்னால் போனேன். காரின் பின்பக்கம் போய்ப் பெற்றோல் மூடியைத் திருகினாள். சைக்கிள் ரியூப்பின் வால்வை அமுக்கியது போல உஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது. மூடியின் அடியில், அதன் அளவுக்கே வட்டமாக வெட்டிய கறுப்பு றப்பர் ஒன்று ஒட்டியிருந்தது. மூடியிலுள்ள சிறு துளையை அது முழுவதுமாக மறைத்திருந்தது. பெற்றோல் நிலையத்தில் எப்போதும் அங்கு நிற்பவர்தான் மூடியைத் திறப்பார். நான் அதன் அடியைப் பார்த்ததே இல்லை.

"உதை வெட்டி ஒட்டினது நான்தான்" என்றாள்.

தட்டுப்பாட்டில் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஆண்டில் செய்தது. கிடைத்த கொஞ்சப் பெற்றோலில் ஒரு சொட்டும் ஆவியாகிப் போகக் கூடாதென்று, பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டியிருக்கிறாள். அப்போது பழைய எஞ்சின். கார் ஓடியதும் அரிது, அதனால் குறை தெரியவில்லை. புதிய பம்பு பலமாக இழுத்தது. இழுத்த இடத்தை நிரப்பக் காற்று போக வழியில்லாமல் பெற்றோல் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டானது. பெற்றோல் வர மறுத்தது. கார் நின்று, றப்பரின் ஓரத்தால் காற்று மெல்லக் கசிந்து போன பிறகுதான் மறுபடி ஓடியது. நாலு தெரு தள்ளியிருப்பவர்களும் வந்து பார்த்து, அதே மாதிரி வெட்டிக்கொண்டு போனார்கள் என்றாள். அவர்களுடைய கார்களை நினைத்து இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிப்புத்தான் முதலில் அடங்கியது. அக்கா எண்ணெய்த் தலையோடு இருந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

றப்பரைச் சுரண்டி எடுத்தேன். அடுத்த வெள்ளி அவள் ஓட்டோவைக் கூப்பிடவில்லை. முன் சீற்றில் ஏறி, திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். வழி முழுவதும் எண்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள். தெல்லிப்பளையில் நான் பெற்றோல் அடிக்கவில்லை. கோடு சரியவில்லை. அச்சுவேலியில் அக்காவுக்கு எண்ணெய் வைத்து ஊறவும் நேரம் இருந்தது.

மார்கழி தொடங்கியதும் நீர்வேலிக்காரர் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு கேட்டு வந்தார். நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மனைவி வெளியே வந்தாள்.

"கார் குடுக்கேல்லை தம்பி. கலியாணத்துக்கு வேணுமெண்டால் சொல்லுங்கோ, இவர் ஓட்டிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமையிலை மட்டும் கேக்கப்படாது."

என்னிடம் யாரும் கேட்கவில்லை. தை மாதத்து முதல் முகூர்த்தத்துக்கே நாள் குறித்துக்கொண்டு அவர் போனார்.