சினைமீன் சமைக்காத வீடு

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை கொட்டத் தொடங்கினால் சேற்றுவாடையும் பச்சைமீன் வாடையும் கலந்து எங்கள் அடுக்களை வரைக்கும் வரும். பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவில் எங்கள் வீடு. கீழே இறங்கினால் வயல், அதை நாங்கள் ‘ஏலா’ என்போம். புதுவெள்ளம் தோடு என்னும் ஓடையில் பாயும் அந்த நாட்களில் வராலும் கெளுத்தியும் ஒழுக்குத் தண்ணீரை எதிர்த்து ஏறி, முழங்கால் தண்ணீருள்ள வயலுக்குள் முட்டையிட வரும். வயிறு கனத்து மெதுவாகப் போகும் அவற்றைக் கையாலேயே அள்ளிவிடலாம் என்பதால் ஊரே ஏலாவில் நிற்கும்.

அப்பா பாறசாலையில் தையல்கடை வைத்திருந்தார். மழை பிடித்தால் கடையை மறந்துவிட்டு, பழைய கொசுவலையை மடித்துத் தானே தைத்த வலையோடு வயலில் இறங்கிவிடுவார். சினைமீன் குழம்பையும் மரச்சீனிக் கிழங்கையும் மிஞ்ச ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. சட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சள் முட்டைக்காக நானும் அக்காவும் அடித்துக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம், நான் நாலாம் வகுப்புக்குப் போன ஆண்டு. அம்மா மாசமாக இருந்தாள். அதற்கு முந்திய ஆண்டும் இருந்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே அது தங்காமல் போய்விட்டது. அதைப்பற்றி வீட்டில் யாரும் வாய்திறப்பதில்லை. மத்தியானங்களில் அம்மா சிலவேளை செய்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாளி நிறைய மீனோடு வந்தார். அவருடைய கூட்டாளி தங்கப்பன் மாமாவும் சாப்பிட வருவதாகப் பேச்சு. அம்மா கிணற்றடியில் உட்கார்ந்து முதல் வராலின் வயிற்றைக் கீறினாள். முட்டை கொத்தாகச் சரிந்து அவள் விரல்களில் வழிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

“இனி எனக்க கைக்கு ஒக்காது” என்றாள்.

“எதுக்கு? வயிறு நோவுதா?” என்று அப்பா பதறினார்.

“எனக்கு ஒண்ணும் இல்ல. இதுவ குஞ்சு பொரிக்க வந்ததுவளாக்கும். கொண்டு விட்டுட்டு வாருங்க.”

அப்பாவுக்குக் கோபம் வந்தது. “ஊரே தின்னுது. நம்ம ஒரு வாளியிலயா ஏலாவுல மீன் தீந்துபோவும்?”

அம்மா கையைக் கழுவிவிட்டு, வயிற்றைத் தாங்கியபடி எழுந்து உள்ளே போனாள். அப்பாவே கத்தியை எடுத்துக் கல்லில் ஒரு மீனை வைத்தார். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. வெகுநேரம் குந்தியிருந்தவர், கத்தியைப் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினார்.

“மக்கா, குடைய எடு.”

நானும் அக்காவும் பின்னால் போனோம். தண்ணீரில் விட்டதும் சில மீன்கள் மல்லாந்து மிதந்தன. அப்பா இரண்டு கையாலும் அவற்றை நிமிர்த்திப் பிடித்திருந்தார், ஒவ்வொன்றாக அசைந்து நெல்லுக்குள் போகும் வரை. செத்துப்போனவை தங்கப்பன் மாமா வீட்டுச் சட்டிக்குப் போயின.

“எலே, பெண்டாட்டி சொன்னா பிடிச்ச மீனையும் விட்டுருவியா?” என்று மாமா சிரித்தார்.

“விட்டுருவேன்” என்றார் அப்பா.

அன்றைக்கு மரச்சீனியும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலும்தான். நாங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம். அப்பா தலை நிமிராமல் தின்றார். அம்மா அவர் சம்மந்தியில் மட்டும் இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டாள்.

ஐப்பசியில், துலாமழையில் தம்பி பிறந்தான். அடுத்த இடவப்பாதிக்கு அப்பா வலையில்லாமல், அவனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏலாவுக்குப் போனார். கடைக்குத் துணி தைக்க வருகிறவர்களிடம், “முட்டை போட்டுட்டுப் போவட்டு, கன்னி மாசம் பிடிக்கலாம்” என்பார். பலர் சிரித்தார்கள். தங்கப்பன் மாமா மட்டும் ஒரு மழைக்காலத்தில் வலையெடுக்காமல் வந்து அவர் பக்கத்தில் நின்றார். கன்னி மாதத்தில், அதாவது புரட்டாசியில், பிடித்த மீனை அம்மா மனசோடு சமைத்தாள்; நாங்களும் முட்டையில்லாத குழம்புக்குப் பழகிவிட்டோம்.

இன்று ஏலாவில் பாதி மண்ணடித்து வீடுகளாகிவிட்டது, மீதியில் வாழை. தோட்டுக்கு இருபக்கமும் சிமெண்டுச் சுவர். புதுவெள்ளம் இப்போதும் வருகிறது, மீன் ஏறுவதில்லை. அன்று ஒரு வாளி மீனை விட்டது இதைத் தடுத்திருக்காது என்பது அப்பாவுக்கும் தெரியும். போன மழைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவர் வாழைகளுக்கு நடுவில் நனைந்துகொண்டு நிற்பதைக் கண்டு, என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல மக்கா” என்றார். “வழி எங்கயாவது அடைஞ்சு கிடக்கான்னு பாத்தேன்.”