தலைகீழாக நின்ற டின்கள்

குமுதா யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. ஜுரு என்ற ஊரில் தொழிற்சாலை வேலையை விட்டபின் ஒரு தோழியோடு சேர்ந்து, இரும்புக் கேட்டுகளுக்கு எண்ணெய்ச் சாயம் பூசும் தொழிலில் இறங்கினாள். ஒரே வருடத்தில் தோழி வாடிக்கையாளர்களை எல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு குமுதா தனியாகத்தான் வேலை செய்தாள்.

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் ஒரு கிடங்கில் பாதியை அவள் வாடகைக்கு எடுத்திருந்தாள். மறுபாதி சீனி முகம்மதுவுக்கு. சாப்பாட்டுக் கடைக்காரர்களின் தள்ளுவண்டிகளுக்குச் சாயம் பூசுகிறவர் அவர். அதிகம் பேசமாட்டார். அதுவே அவளுக்கு உறுத்தலாக இருந்தது. வந்த முதல் வாரமே, டின் மூடியை இன்னும் இறுக்கி மூட வேண்டும் என்று அவர் சொல்லப்போக, என் டின்களைத் தொடாதீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் ஜெயந்தி என்ற வாடிக்கையாளர், அவள் பூசிய கேட்டைத் தடவினால் குருணை குருணையாக இருக்கிறதென்று குறைப்பட்டார். கெட்டுப்போன சாயத்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று குமுதா கிடங்கில் நின்றபடியே கடைக்காரனைப் போனில் திட்டித் தீர்த்தாள்.

அதன்பின் சில நாட்களில் அவளுடைய டின்கள் தலைகீழாக நிற்கத் தொடங்கின. பச்சை டின்னைத் திறந்தபோது மேலே தண்ணீர் மாதிரி ஏதோ மினுங்கியது. முகர்ந்தால், சாயத்தை இளக்கும் தின்னரின் வாடை. சீனி முகம்மது சாயத்தை எடுத்துக்கொண்டு தின்னரை ஊற்றி நிரப்பி வைக்கிறார் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. டின்னின் உட்புறம் சாய மட்டத்தில் ஆணியால் கீறி வைத்தாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மட்டம் குறையவே இல்லை. எவ்வளவு சாமர்த்தியமாக ஈடுகட்டுகிறார் என்று அவளுக்கு இன்னும் எரிந்தது.

அன்று மழையால் வேலை நின்று மதியமே திரும்பினாள். கிடங்குக் கதவு திறந்திருந்தது. சீனி முகம்மது அவளுடைய நீல டின்னின் முன் குந்தியிருந்தார். கரண்டியால் துளித் தின்னரைச் சாயத்தின் மேல் கலக்காமல் பரவவிட்டார்.  மூடியைச் சுற்றிலும் தட்டி இறுக்கி, டின்னைக் கவிழ்த்தார்.

"என்ன பாய் பண்றீங்க?"

அவர் எழுந்திருக்கவில்லை. "காத்து பட்டா சாயத்து மேல ஆடை கட்டிரும், தங்கச்சி. அது உடைஞ்சு பிரஷ்ல வருது. அதான் அந்தக் குருணை. கடைக்காரன் மேல தப்பில்லலா."

குமுதா நம்பவில்லை. எல்லா டின்களையும் அவர் கண்ணெதிரே திறந்தாள். சாயம் வழவழப்பாக இருந்தது. மேல்தட்டில் அவர் கை படாத வெள்ளை டின்னில் மட்டும் பாலாடை போலத் தடித்த ஆடை. குச்சியால் குத்தினாள், கிழிந்து துணுக்குகளாக உள்ளே இறங்கியது.

கோபம் குறைந்தது, ஆனால் போய்விடவில்லை.

"தொடாதீங்கன்னு சொன்னேனே பாய்."

"சொன்னீங்க. சொல்லிட்டு செஞ்சா விட்டிருக்க மாட்டீங்க. தப்புதான்."

இனிமேல் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்றாள். அவர் தலையாட்டினார். வெள்ளைச் சாயத்தை வடிகட்டி எடுத்து, அவர் செய்தபடியே தன் கையால் மூடி வைத்தாள். ஜெயந்தி வீட்டுக் கேட்டைத் தேய்த்து மறுபடி பூசிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் சீனி முகம்மது நாசி கண்டார் சோறு விற்கும் ஒரு வண்டிக்கு எந்த மஞ்சள் எடுப்பாக இருக்கும் என்று அவளைக் கேட்டார். இதை ஏன் என்னிடம் கேட்கிறார் என்று குமுதா ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, கொஞ்சம் அடர்த்தியான மஞ்சளே நன்றாக இருக்கும் என்று சொன்னாள்.